பதின்மூன்றாம் நிலை குறித்துத் திருப்பணி அமைச்சன் நல்லிறையன் விடுத்த ஓலை

திருவும் மழையும் குறைவின்றிப் பெருகுக. வேய்ங்கை நாட்டுப் பன்னிரு கூற்றத்தையும் ஒரு குடைக்கீழ்க் காத்தருள்பவரும், மஞ்சாற்றின் இரு கரைக்கும் நீரைப் பங்கிட்டுப் பகை தீர்த்தவரும், வழக்கென்று வந்த எவரையும் வாசலில் காக்கவைக்காதவரும், கோடுயர்பட்டினத்து அரியணையில் இருபத்தேழாம் ஆண்டு வீற்றிருப்பவருமாகிய கோ மாடநெடுங்கோ தேவரீரின் திருமுன்புக்கு, திருப்பணி அமைச்சன் பரஞ்சேரி நல்லிறையன் தலை தாழ்த்தி விடுக்கும் ஓலை.

தேவரீர் தம் இளைய மகளாரை மணமுடித்துக் கொடுத்து விருந்தினராய் எழுந்தருளியிருக்கும் மருதவெளி நாடு வாழ்க. அந்நாட்டு வேந்தரின் களஞ்சியமும் மனமும் நிறைந்திருக்க. புதுமணமக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அலுக்காதிருக்க. இங்கே பட்டினத்தில் எல்லோரும் நலம். மஞ்சாறு கரைக்குள் அடங்கி ஓடுகிறது. அமைச்சனின் முழங்கால் மட்டும் அவன் சொற்கேளாமல் இருக்கிறது. அது நாட்டுச் செய்தி அன்று, எனினும் இவ்வோலையின் கடைசியில் அந்த முழங்காலுக்கு ஒரு வேலை இருப்பதால் இங்கேயே விண்ணப்பித்து வைக்கிறான்.

அரசர்க்கு எழுதும் ஓலையில் எழுதுவோன் தன்னைத் தானே சுட்டிப் பேசலாகாது, பிறனைப்போல் நின்றே பேச வேண்டும் என்பது நம் நாட்டு வழக்கம். முப்பத்தோராண்டுத் தொண்டில் அமைச்சனுக்கு இவ்வழக்கம் பலமுறை சுமையாக இருந்தது. இன்று அதுவே ஆறுதலாக இருக்கிறது. தான் செய்ததை எவனோ ஒருவன் செய்ததாகச் சொல்லிக்கொண்டு போவது களைத்த மனிதனுக்கு எளிது.

தேவரீர் மருதவெளியிலிருந்து விடுத்த ஓலை தைத்திங்கள் மூன்றாம் நாள் வந்தது. அமைச்சன் அதை இரு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, அவையில் நின்று படித்தான். விருந்து செய்யும் நாட்டின் கோபுரம் ஒன்பது நிலையே உடையது என்றும், ஆயினும் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தபோது நம் பதினொரு நிலைக் கோபுரத்தைக் காட்டிலும் ஓங்கி, வானத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது என்றும், அதைக் கண்டு தேவரீரின் உள்ளம் சுருங்கியது என்றும் அதில் கண்டிருந்தது. நம் கோபுரம் இன்னும் சற்று உயர்ந்தால்தான் அழகுபெறும் என்றும், ஆகையால் மேலும் இரண்டு நிலை எழுப்பிப் பதின்மூன்றாக்குக என்றும், பங்குனியில் தாம் மீள்வதற்குள் சாரமும் கல்லேற்றும் மண்சாய்வும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்றும் கட்டளை முடிந்திருந்தது.

படித்து முடித்ததும் அவையோர் வாழ்த்தொலி எழுப்பினர். அமைச்சனும் எழுப்பினான். பிறகு தன் இருப்பிடத்துக்குப் போய் ஓலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உணவு ஆறிப்போனதை அவன் கவனிக்கவில்லை. அவனுக்குச் சினம் வரவில்லை. சினம் கொள்வதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அவனுக்கு வந்தது அலுப்பு ஒன்றுதான்.

இன்னும் சற்று உயர்ந்தால் அழகுபெறும் என்னும் இச்சொல்லை அமைச்சன் கேட்பது இது நான்காம் முறை. முதல் முறை தேவரீர் சொன்னது முற்றிலும் உண்மை என்பதை இன்றும் அவன் எங்கும் சொல்வான். தேவரீரின் பாட்டனார் ஒன்பது நிலையைத் தாங்கும் அளவுக்கு அடியை அகலமாகப் பரப்பி வைத்துவிட்டு, ஐந்தாம் நிலை முடிந்த ஆண்டில் விண்ணுலகு எய்தினார். மிச்சத்தை எவரும் தொடவில்லை. அந்த ஐந்து நிலைக் கோபுரம் கழுத்தில்லாத பருத்த ஆள் ஒருவன் ஆற்றங்கரையில் குந்தியிருப்பதுபோல் இருந்தது. தேவரீர் பட்டமேறிய புதிதில் அதைப் பார்த்து, இன்னும் சற்று உயர்ந்தால் அழகுபெறும் என்றீர்கள். ஊரே ஆமென்றது. கோபுர நிலைகள் ஒற்றைப்படை எண்ணிலேயே நிற்க வேண்டும் என்பது தச்சர் நெறியாதலால், சற்று என்ற சொல் இரண்டு நிலை ஆயிற்று. பதினான்கு முழம் ஏறியது. ஏழு நிலையோடு கோபுரம் எழுந்து நின்றபோது, அதை வெறுத்தவர்கூட நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். தேவரீர் பார்வைமேடையில் நின்று மாலை முழுதும் அதையே நோக்கியிருந்து, தம் காதணியைக் கழற்றிப் பெருந்தச்சன் விடங்கனுக்கு அளித்தீர்கள்.

அடுத்த ஆண்டு அதே மேடையில் அதே மாலையில் நின்று, கோபுரம் மீண்டும் குள்ளமாகத் தெரிகிறதே என்று தேவரீர் வருந்தினீர்கள். மேலும் இரண்டு நிலை ஏறியது. கண்டு மகிழ்ந்தீர்கள். அதற்கடுத்த ஆண்டு மீண்டும் வருத்தம். விடங்கன் அடித்தளத்தின் வலிமையை எடுத்துச் சொல்லித் தயங்கியபோதும், அமைச்சன் பல்லைக் கடித்துக்கொண்டு பதினொன்றாம் நிலைக்குக் கல் ஏற்றுவித்தான். மகிழ்ச்சி ஓராண்டு நின்றது. இப்போது இந்த ஓலை.

இவ்விடத்தில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவையில் சிலர், அரசரின் மனம் காற்றில் ஆடும் கொடிச்சீலை, இன்று ஒரு பக்கம் நாளை ஒரு பக்கம் என்று காதோடு காதாகப் பேசிக்கொள்வதுண்டு. அமைச்சன் அதைத் தடுத்ததில்லை. தடுக்காதது மட்டுமன்று, தானும் அப்படியே நினைத்தான். பதினாறு ஆண்டு நினைத்தான். எழுத்தாணி பிடித்திருக்கும் ஓலைநாயகம் இந்த வரியில் கையை நிறுத்தி, இதை விட்டுவிடலாமே என்பதுபோல் ஏறிட்டுப் பார்த்தான். எழுதுக என்று அமைச்சன் சொன்னான்.

கட்டளை வந்த மறுநாள் அமைச்சன் விடங்கனை அழைத்துக் கருத்துக் கேட்டான். விடங்கன் அதிகம் பேசுகிறவன் அல்லன். அமைச்சனைக் கோபுரத்தின் வடகிழக்கு மூலைக்கு அழைத்துச் சென்று, அடிவரிசைக் கல்லுக்கும் அதன் மேற்கல்லுக்கும் இடையே தன் நான்கு விரலையும் நுழைத்துக் காட்டினான். சென்ற ஐப்பசியில் அங்கே ஒரு விரல்தான் நுழைந்தது என்றும், மூலை ஆற்றுப்பக்கமாக அமிழ்ந்துவருகிறது என்றும், பதினொன்றையே அடி முனகிக்கொண்டு சுமக்கிறது என்றும், பதின்மூன்றாவது ஏறுமானால் அது விழுவது உறுதி, எந்தப் பக்கம் விழும் என்பது மட்டுமே தனக்குத் தெரியாது என்றும் சொன்னான். அரசர் ஆணையென்றால் ஏற்றத் தான் அணியமாக இருப்பதாகவும், ஆனால் சாரத்தில் தன் மகன்களை நிறுத்தாமல் தானே ஏறி நிற்கப்போவதாகவும் சேர்த்துச் சொன்னான்.

கோபுரத்தின் அடியில் சுண்ணாம்புக்காரத் தெரு இருக்கிறது. நூற்று நாற்பது வீடு. கல்லேற்றும் மண்சாய்வைப் பதின்மூன்றாம் நிலை வரை நீட்ட வேண்டுமென்றால் அத்தெரு இராது. கோபுரம் சாய்ந்தாலும் அத்தெரு இராது. அங்கே சுண்ணாம்பு அரைக்கும் பெண்டிர்க்கெல்லாம் தலைவி மாசாத்தி என்பவள். பதினொன்றாம் நிலைக்குக் கல் ஏறியபோது வடம் அறுந்து விழுந்தவன் அவள் கணவன் கொற்றன். அன்று அவள் வீட்டுக்குப் போய் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்ற அமைச்சனுக்கு அவளே மோர் கொடுத்து உட்கார வைத்தாள். அந்த மோரை அவனால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

வீடுகளைக் காலிசெய்யும் ஆணையை ஆள்விட்டுச் சொல்லாமல் தானே சொல்வதென்று அமைச்சன் அத்தெருவுக்குப் போனான். மாசாத்தி செக்கை நிறுத்தச் சொல்லிவிட்டு, கையில் சுண்ணாம்போடு வந்து நின்று கேட்டாள். அழவில்லை, மன்றாடவும் இல்லை. தங்களுக்கெல்லாம் அந்தக் கோபுரத்தின் உச்சியைப் பார்த்தால் கழுத்து வலிக்கிறது என்றும், பிள்ளைகள் பார்த்துப் பின்புறமாக விழுகிறார்கள் என்றும், அரசருக்கு மட்டும் அது எப்படிக் குட்டையாகத் தெரிகிறது என்றும் வினவினாள். பெரியவர்களின் கண் வேறு என்று அமைச்சன் விடையளித்தான். அவள் அதை ஏற்கவில்லை. கண் எல்லோருக்கும் ஒன்றுதான், அரசர் எங்கே நின்று பார்க்கிறார் என்பதை ஐயா போய்ப் பார்த்ததுண்டா என்று கேட்டாள்.

இல்லை என்று அமைச்சன் சொன்னான். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவன் காதிலேயே விழுந்தது.

தேவரீர் அறிந்த சட்டம்தான். அரண்மனை உள்முற்றத்துப் பார்வைமேடையில் அரசரின் அடியன்றிப் பிற அடி படலாகாது; பணிக்கென ஏறுவோரும் அங்கிருந்து எதையும் காணலாகாது. சிவிகை சுமப்போர் கடைசிப் படியில் நின்றுவிடுவர். பெருக்குவோர் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு பெருக்குவர். பழுது பார்க்கும் கல்தச்சர்கூட நாற்புறமும் திரை கட்டிக்கொண்டு, கல்லைத் தவிர வேறெதையும் காணாமல் வேலை செய்வர். ஆகையால் இந்நாட்டில் கோபுரத்தை அம்மேடையிலிருந்து கண்டவர் தேவரீர் ஒருவரே. அதற்காகவே இத்தனை ஆண்டாகக் கல் சுமக்கப்படுகிறது. கல் சுமந்தவர்களில் ஒருவனும் அதை அங்கிருந்து பார்த்ததில்லை. இதில் ஏதோ பிசகு இருக்கிறது என்று அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அமைச்சனுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

தைத்திங்கள் ஏழாம் நாள், பட்டப்பகலில், எல்லோரும் பார்த்திருக்க, அமைச்சன் பார்வைமேடையின் படியில் ஏறினான். ஒளித்துச் செய்யவில்லை. அரண்மனைக் காரியத்தார் சேந்தன் ஓடிவந்து குறுக்கே கைநீட்டி, இது என்ன விபரீதம் என்று பதறினார். திருப்பணிக் காரியம் என்று அமைச்சன் சொன்னான். சேந்தன் கையை எடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். தாம் காணாதது நடக்காதது என்று கொள்ளும் நல்ல மனிதர் அவர்.

படி நூற்றுப்பத்து. அமைச்சன் எண்ணியே ஏறினான், எண்ணாவிட்டாலும் முழங்கால் எண்ணியிருக்கும். அறுபதாம் படியில் உட்கார்ந்துவிட்டான். அங்கே படியோரத்தில் சிவிகை சுமப்போர் சிலர் நிழலுக்கு ஒதுங்கியிருந்தனர். இம்மேடைக்கு எப்போதும் இத்தனை படியா என்று அவர்களை அவன் கேட்டான். அவர்களில் மூத்தவனாகிய நம்பன் தலையைச் சொறிந்துகொண்டு, தான் வேலைக்கு வந்த காலத்தில் படி இருபதுதான் என்றும், அப்போது சிவிகைக்கு நான்கு பேர் போதும் என்றும், பிறகு ஆறு பேராகி இப்போது எட்டுப் பேர் சுமக்கிறார்கள் என்றும் சொன்னான். அரசர் உள்ளே திரையை இழுத்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு வருவதால் அவருக்குப் படியின் கணக்குத் தெரிய வழியில்லை என்றும், தங்களை இதுவரை எவரும் கேட்கவில்லை, ஆகையால் தாங்களும் சொல்லவில்லை என்றும் கூறினான். அவன் பேச்சில் குறைகூறல் எதுவும் இருக்கவில்லை. தோளில் காய்ப்பு மட்டும் இருந்தது.

மேலே சென்று அமைச்சன் தேவரீர் நிற்கும் கல்லின்மேல் நின்றான். ஆற்றுக்கு அப்பால் கோபுரத்தைப் பார்த்தான்.

அது குள்ளமாக இருந்தது.

தேவரீர் சொன்னது அத்தனையும் உண்மை. பாதி கோபுரம் கண்ணுக்குக் கீழே கிடந்தது. கலசங்களைக் கழுத்தை அண்ணாக்காமலே பார்க்க முடிந்தது. பதினொரு நிலையும் நெருக்கியடித்துக்கொண்டு, கழுத்தில்லாத அந்தப் பழைய பருத்த ஆளாகவே ஆற்றங்கரையில் குந்தியிருந்தன. இதற்கா கொற்றன் விழுந்தான் என்று அமைச்சன் தன்னையே கேட்டான். அந்தக் கல்லின்மேலேயே, சட்டத்தை இன்னும் ஒருமுறை மீறி, அவன் உட்கார்ந்தான்.

பிறகு விடங்கனை வரவழைத்து, மேடையைத் தொடாமல் கீழிருந்தே கோலிட்டு அளக்கச் சொன்னான். ஐம்பத்தைந்து முழம். பாட்டனார் காலத்து மேடை பத்து முழம். நாற்பத்தைந்து முழம் எங்கிருந்து வந்தது என்று சேந்தனைக் கேட்டபோது, அவர் தம் பேழையைத் திறந்து மூன்று பழைய ஓலைகளை எடுத்துக் கொடுத்தார். மூன்றும் ஒரே வாசகம்: கோபுரத்துக்கென்று வெட்டிய கல் பிறர் மனைக்கு ஆகாது என்னும் மரபின்படி, இத்திருப்பணியில் எஞ்சிய கல்லை அரண்மனையில் சேர்த்துத் தக்கவாறு பயன்கொள்க. மூன்றின் அடியிலும் கையொப்பம் பரஞ்சேரி நல்லிறையன்.

கல் வெட்டும் மலையார் எப்போதும் கேட்டதற்கு இருமடங்கு வெட்டித் தெப்பத்தில் விடுவார்கள் என்பது தேவரீர் அறிந்ததே. திருப்பணி முடியும்தோறும் மிச்சக் கல் மலைபோல் கிடக்கும். அதைக் கண்ணுக்கு மறைவாக எங்கேனும் தள்ளிவிட்டால் போதும் என்று அமைச்சன் ஒவ்வொரு முறையும் அந்த ஓலையில் ஒப்பமிட்டான். சேந்தன் அரசரின் அடி பட்ட இடமே அக்கல்லுக்குத் தகுதியானது என்று பக்தியோடு மேடையில் அடுக்கினார். கோபுரம் பதினான்கு முழம் ஏறும். ஆண்டு முடிவதற்குள் மேடை பதினைந்து முழம் ஏறும். ஆகவேதான் தேவரீர் ஓராண்டு மகிழ்ந்து மறு ஆண்டு வருந்தினீர்கள். ஐந்து நிலையாய் இருந்தபோது கோபுரம் தேவரீரின் கண்ணுக்கு ஐம்பது முழம் ஓங்கித் தெரிந்தது. மூன்று முறை ஏற்றிய பின் இன்று நாற்பத்தேழு முழம்தான் தெரிகிறது. இதைக் கணக்கிட்டுச் சொல்லும்போது விடங்கன் சிரித்தான். கொற்றனின் பெயர் நினைவுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டான்.

மருதவெளியில் தேவரீர் விருந்தினராதலால் தெருவில் நின்று பார்த்தீர்கள். அங்கே தேவரீருக்கு மேடை இல்லை. ஒன்பது நிலை வானத்தைத் தொட்டது அதனால்தான்.

தேவரீரின் கண்ணில் ஒருநாளும் பிழை இல்லை. அதை அறியாமல் கொடிச்சீலை என்று நினைத்த நாவுகளும் நெஞ்சுகளும் வெட்கப்பட வேண்டும். முதலில் வெட்கப்பட வேண்டியவன் இவ்வோலையை விடுப்பவன். அவன் பதினாறு ஆண்டாகத் தன் அரசரின் கண்ணை நம்பாமல் தன் கைகளை மட்டும் நம்பினான். அந்தக் கைகளே இதைச் செய்தன. கொற்றனின் மனைவிக்கு இதைப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னான். அவள் கையிலிருந்த சுண்ணாம்பைத் துடைத்தாள். பிறகு, அப்படியானால் தெரு இருக்குமா என்று மட்டும் கேட்டாள். அமைச்சன் இருக்கும் என்று வாக்குக் கொடுத்துவிட்டான். தேவரீரைக் கேளாமல் கொடுத்த வாக்கு அது.

ஆகவே, தேவரீர் புறப்படும்போது திருப்பணிக் காரியங்களுக்கென்று ஒப்படைத்துச் சென்ற அரச முத்திரையைக் கொண்டு அமைச்சன் செய்தவை பின்வருமாறு. பதின்மூன்றாம் நிலைக்கான வேலையை நிறுத்தினான். சுண்ணாம்புக்காரத் தெருவில் ஒரு வீட்டையும் தொடலாகாது என்று பறையறைவித்தான். பார்வைமேடையைப் பழைய பத்து முழம்வரை பிரித்திறக்கச் சொல்லி, அக்கல் முழுவதையும் ஆறு கடத்திக் கோபுரத்தின் வடகிழக்கு மூலையைத் தாங்கும் அண்டைச்சுவராகக் கட்டுமாறு விடங்கனுக்கு ஆணையிட்டான். அரசரின் மேடையைத் திருப்பணி அமைச்சன் எவ்வாறு தொடலாம் என்று அவையில் வினா எழுந்தது. கோபுரத்துக்கென்று வெட்டிய கல் கோபுரத்துக்கே போகிறது, ஆகவே மரபு மீறப்படவில்லை, இத்தனை நாள் மீறப்பட்டிருந்ததே இப்போது நேராகிறது என்று அமைச்சன் விடை சொன்னான். விடங்கன் இம்முறை தன் மகன்களையும் வேலைக்கு அழைத்து வந்திருக்கிறான். மூலையில் இப்போது மூன்று விரல்தான் நுழைகிறது.

பங்குனியில் தேவரீர் மீளும்போது மேடையில் இருபது படியே இருக்கும். அன்று ஒருநாள் மட்டும் சிவிகையை விட்டிறங்கித் திருவடியாலேயே ஏறி நின்று பார்த்தருளுக. ஒரு கல்லும் ஏற்றாமல் கோபுரம் நாற்பத்தைந்து முழம் வளர்ந்திருக்கும். அப்போதும் அது குள்ளமாகத் தெரிந்தால், தேவரீரின் கண் சொல்வதை இந்நாட்டில் எவனும் இனி மறுக்க மாட்டான்.

எஞ்சியிருப்பது அமைச்சனின் தண்டனை. பார்வைமேடையில் அடிவைத்த பிறன், கோபுரம் கண்ணில் படும் எல்லைக்குள் வாழலாகாது என்பது பாட்டனார் விதித்த சட்டம். அதைப் புதிதாய்ப் பணிக்கு வந்தோர்க்கு இருமுறை படித்துக் காட்டியவன் இவனே. தனக்கு வந்தபோது மறந்துபோனதாக நடிக்க அவனுக்கு வயது போதாது, களைப்பும் இடம் தரவில்லை. ஆனால் அந்தச் சட்டம் எழுந்தபோது கோபுரம் ஐந்து நிலை. ஒரு காதம் நடந்தால் அது மறைந்துவிடும். பதினொரு நிலையோ இரண்டரைக் காதத்துக்கும் தெரிகிறது என்று வண்டிக்காரர் சொல்கின்றனர். தன் கையால் ஏற்றிய ஒவ்வொரு நிலைக்கும் தன் காலால் நடக்க வேண்டியிருப்பதை எண்ணி அமைச்சன் சிரித்துக்கொண்டான். அவன் வீட்டார் சிரிக்கவில்லை. அவன் மனைவி மூட்டைகளை நேற்றே கட்டிவிட்டாள். முழங்காலுக்கு நொச்சித் தைலம் வேறாக ஒரு குடுவையில் வைத்திருக்கிறாள்.

இத்தண்டனையில் ஒரு வேடிக்கை உண்டு. கோபுரம் மறைந்ததா என்று அறிய, போகிறவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். முப்பத்தோராண்டு அதன் காலடியில் சுண்ணாம்புத் தூசியில் நின்றவன், அதை ஒருநாளும் தொலைவில் நின்று பார்த்ததில்லை. இனிப் பார்ப்பான். ஆற்றைக் கடந்தும், புளியந்தோப்பைக் கடந்தும், உப்பளத்தைக் கடந்தும், ஒவ்வொரு தடவையும் திரும்பி நின்று, அது அழகாக இருக்கிறதா என்று பார்ப்பான். கலசம் எங்கே மண்ணுக்குள் இறங்குகிறதோ அங்கே மூட்டையை இறக்குவான்.

ஆகையால் தேவரீரிடம் அமைச்சன் கேட்பது மன்னிப்பு அன்று. பதின்மூன்றாம் நிலையைத் தேவரீர் கைவிட்டருள வேண்டும். அதற்கு விடங்கனின் நான்கு விரலும் மாசாத்தியின் தெருவும் போதிய காரணம். அவ்விரண்டும் போதா என்று திருவுள்ளமானால், மூன்றாவதாக ஒரு கிழவனின் முழங்காலைக் கருதுக. இன்னும் இரண்டு நிலை உயர்ந்தால், அவன் மூட்டையை இறக்கிய இடத்திலிருந்து மீண்டும் எழுந்து இன்னும் அரைக் காதம் நடக்க வேண்டியிருக்கும்.

இவ்வோலையைக் கோத்த நூலிலேயே அரச முத்திரை மோதிரம் கோத்து அனுப்பப்படுகிறது. இதன்மேல் பதிந்திருப்பது அம்மோதிரம் இவன் விரலில் இருந்து பதித்த கடைசிக் குறி. கொண்டுவரும் தூதன் நம்பன், சிவிகை சுமப்போரில் மூத்தவன்; மேடைப் பணியில் இனி நான்கு பேர் போதுமாதலால் அமைச்சன் அவனை இதற்கு விடுவித்தான். படியைப் பற்றித் தேவரீர் அவனை நேரில் கேட்டருளுக. கேட்டால் சொல்வான்.

ஆணையாவது: தேவரீரின் மறுமொழி வரும்வரை கோபுரத்தின்மேல் ஒரு கல்லும் ஏறற்க, மேடையில் ஒரு கல்லும் தங்கற்க, திருப்பணியில் இனி எஞ்சும் கல் எதுவாயினும் அது எங்கே போகிறது என்று ஒப்பமிடுபவனே உடன் சென்று பார்க்கக் கடவன். இது கோடுயர்பட்டினத்தில், தேவரீர்க்கு ஆட்சியாண்டு இருபத்தேழு, தைத்திங்கள் பதினெட்டாம் நாள் காலையில் எழுதுவித்தது. இவ்வோலை தேவரீரின் திருக்கையில் விரியும் நாளில் அமைச்சன் உப்பளத்தருகில் எங்கேனும் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பான். அங்கிருந்து கோபுரம் இன்னும் தெரியும்.